பக்கவாதம் வந்த அம்மாவுக்கு ஷவரில் கைப்பிடிக் கம்பி எங்கே, எப்படிப் பொருத்துவது? உறிஞ்சு கப் கம்பி போதுமா?

உங்கள் நிலவரத்தை நான் புரிந்துகொண்டது இது: அம்மாவுக்கு இடது கை, இடது கால் பலவீனம். யாராவது கூட இருந்தால் நான்கைந்து அடி எடுத்துவைப்பார். வாசல்படி இல்லாத ஷவர் கட்டி, சுவரோடு மடக்கும் இருக்கையும் போட்டுவிட்டீர்கள். பிளம்பர் "மூன்றடியில் படுக்கையா ஒண்ணு அடிச்சிடலாம்" என்கிறார். உங்களுக்கோ புது டைல்ஸில் ஓட்டை போட மனமில்லை.

உறிஞ்சு கப் வேண்டாம். அது சுவரில் நிற்பது காற்றழுத்தத்தால் மட்டும்தான். டைல்ஸ் இணைப்புக் கோட்டின் மேல் கொஞ்சம் ஏறினாலும், சோப்புப் படலம் சேர்ந்தாலும் மெல்லக் காற்று புகுந்துவிடும். கழன்று வரும்வரை நன்றாக இருப்பது போலவேதான் தெரியும். முழு உடல் எடையை அதை நம்பி விட முடியாது. துண்டு போடும் கம்பிக்கும் இதேதான். அது துண்டுக்கு.

பிளம்பர் சொன்ன உயரம் தப்பில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின் 2010 அணுகல் விதிகளில் படுக்கைக் கம்பியின் மேல்விளிம்பு தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அது யார் யாரோ வந்து போகும் இடங்களுக்காக எழுதியது. உங்கள் ஷவரில் கம்பியைப் பிடிக்கப்போவது ஒரே ஒருவர். அவர் உயரமும் அவர் கையும் தெரிந்திருக்கும்போது பொது அளவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதை ஒரு தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரில்லைத் தொடுவதற்கு முன் ஒரு ஒத்திகை பாருங்கள். தரை காய்ந்திருக்கட்டும், அம்மா உடுத்திய உடையோடு இருக்கட்டும், பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். உள்ளே வருவது, திரும்புவது, உட்காருவது, எழுவது, வெளியே போவது என்று எல்லாவற்றையும் மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். அவர் கை தானாக எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் ஒட்டு டேப் துண்டு ஒட்டுங்கள். "எங்கே வேணும்?" என்று கேட்டால் "எங்கேயாவது போடு" என்பார்கள், கை பொய் சொல்லாது. என் அப்பாவுக்கு இப்படிப் பார்த்தபோது, ஒவ்வொரு முறை எழும்போதும் அவர் கை குழாய்த் திருகைத்தான் தேடிப் போனது. அதனால் திருகுக்கு ஒரு சாண் முன்னால் நிமிர்ந்த கம்பி ஒன்று போட்டோம். திருகு தப்பித்தது.

ஒரு பக்கம் பலவீனமானவர்களுக்கு இந்த ஒத்திகையில் இன்னொரு விஷயமும் தெரியவரும். உள்ளே போகும்போது அம்மாவின் வலக்கைப் பக்கம் இருக்கும் சுவர், திரும்பி வெளியே வரும்போது இடக்கைப் பக்கம் ஆகிவிடும். ஒரே சுவரில் எவ்வளவு நீளக் கம்பி போட்டாலும் ஒரு திசைக்குத்தான் உதவும். அதனால் வெளியே வரும்போது வலக்கை எட்டும்படி, வாசல் ஓரத்தில் நிமிர்ந்த கம்பி ஒன்று தனியாக வேண்டும். எதிரில் சுவரே இல்லையென்றால் தரையிலிருந்து கூரை வரை நிற்கும் கம்பம் இருக்கிறது. அதற்கு உறுதியான கூரை வேண்டும்.

இருக்கைக்கு அருகில், உட்கார்ந்திருக்கும்போது வலக்கைப் பக்கம் வரும் சுவரில் படுக்கைக் கம்பி. எழும்போது அதைக் கீழே அழுத்தி எழலாம், உட்கார்ந்திருக்கும்போது சாயாமலும் இருக்கலாம். நிமிர்ந்த கம்பி, இழுத்து நிமிர்வதற்கும் நின்றபடி திரும்புவதற்கும். சாய்வாகப் போடுவதைச் சிலர் பரிந்துரைப்பார்கள். ஈரக்கை அதில் வழுக்கி இறங்கும் என்பதால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அம்மாவைப் பார்க்கும் தெரபிஸ்ட் சாய்வுதான் வேண்டும் என்றால், என் பேச்சை விட்டுவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கம்பி வாங்கும்போது பளபளப்பானதைத் தவிர்த்து, சொரசொரப்பானதை எடுங்கள். அதே விதிகள் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே சரியாக ஒன்றரை அங்குல இடைவெளி கேட்கின்றன. விரல்கள் சுற்றிப் பிடிக்க அது போதும். அதற்கு மேல் விட்டால் தடுமாறும்போது முழங்கை வரை உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பார்வை மங்கலாக இருந்தால் சுவர் நிறத்திலிருந்து மாறுபட்ட நிறம் நல்லது.

அப்புறம் சுவர். கம்பியின் பலத்தை விட அதைத் தாங்கும் சுவரின் பலம்தான் முக்கியம். அந்த விதிகளில் எந்தப் புள்ளியிலும் 250 பவுண்டு விசை தாங்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட 113 கிலோ எடை. கான்கிரீட், கெட்டிச் செங்கல் என்றால் துருப்பிடிக்காத ஆங்கர் போல்ட் (சுவருக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) போதும். ஹாலோ பிளாக்கில் சாதாரண ஆங்கர் விரியப் பிடிமானம் கிடைக்காது. வலைக்குழாய் வைத்து, பசை நிரப்பி ஒட்டும் கெமிக்கல் ஆங்கர் போட வேண்டும். பலகைச் சுவராக இருந்தால் பின்னால் கட்டை கொடுக்காமல் கம்பியைப் பற்றிப் பேசவே வேண்டாம். டைல்ஸைத் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றாக ஒலித்தால் அந்த இடத்தை விடுங்கள். குழாயும் கீசர் வயரும் எங்கே ஓடுகின்றன என்று சுவரைக் கட்டியவரிடம் கேட்டுவிடுங்கள்.

டைல்ஸைத் துளைக்க வைர பிட், குறைந்த வேகம், தண்ணீர். டைல்ஸைத் தாண்டும்வரை ஹாமர் மோடு போடவே கூடாது. டைல்ஸில் துளை போல்ட்டை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். ஆங்கர் விரிவது சுவருக்குள்தான் இருக்க வேண்டும், டைல்ஸின் தடிமனுக்குள் விரிந்தால் விரிசல் நிச்சயம். தண்ணீர் புகாமல் இருக்க, துளைக்குள்ளும் சிலிக்கான் பசை வையுங்கள். கம்பியின் முனையில் சுவரோடு ஒட்டும் தட்டைச் சுற்றிப் பூசும்போது அடியில் மட்டும் சிறு இடைவெளி விட்டால், எப்படியாவது உள்ளே போன தண்ணீர் வடிந்துவிடும்.

சிலிக்கான் காய ஒரு நாள் விடுங்கள். பிறகு வீட்டிலேயே கனமானவர் பிடித்து, கீழ்நோக்கியும் தன் பக்கமாகவும் இழுத்துப் பார்க்கட்டும். தட்டு இம்மியளவு அசைந்தாலோ, கம்பி பிடிக்குள் சுழன்றாலோ அம்மா அதைத் தொடக்கூடாது. கழற்றி, பெரிய ஆங்கரோடு மறுபடி பொருத்தச் சொல்லுங்கள்.