பாடம் எடுக்கும் டிரேடர் - கடிதம்

வணக்கம் சார். ஈரோட்டில் இருக்கிறேன், ஐந்தாறு வருடமாக பங்குச்சந்தையில் நிஃப்டி குறியீட்டின் ஆப்ஷனில் இன்ட்ராடே, அதாவது அன்றே வாங்கி அன்றே விற்பது, செய்கிறேன். பெரிய லாபம் இல்லை, நஷ்டமில்லாமல் ஓடியது. நண்பர்கள் கேட்டதால் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தேன், அப்புறம் மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு வாட்ஸ்அப் குழு, அன்றன்றைய டிரேடை அதில் போடுகிறேன். அதிலிருந்து என் கணக்கு சறுக்குகிறது. சொல்லிக்கொடுத்தால் நமக்கே தெளிவு வரும் என்பார்களே?

அன்புள்ள நண்பருக்கு,

வரும்தான். "ஏன் அண்ணா அங்கே என்ட்ரி எடுத்தீங்க?" என்று வகுப்பில் ஒருவர் கேட்டு, "சார்ட்டப் பார்த்தா தெரியும்ல" என்பதைத் தவிர நம்மிடம் பதில் இல்லையென்றால், இத்தனை நாள் விதி என்று நினைத்தது வெறும் பழக்கம் என்று அங்கேயே தெரிந்துவிடும். அதனால் ஞாயிறு வகுப்பை விடாதீர்கள்.

கெடுப்பது குழு. 25 பாயின்ட் இறங்கினால் விற்றுவிட வேண்டும் என்று ஸ்டாப் லாஸ் போட்டு வாங்குகிறீர்கள், 20 இறங்கியதும் "அண்ணா, இருக்கலாமா?" என்று நாலு பேர் கேட்கிறார்கள். தனியாக இருந்தால் அடிபட்டு வெளியே வந்து டீ குடிக்கப் போயிருப்பீர்கள், இப்போதோ "ஸ்டாப் அடிச்சிருச்சு" என்று எழுதக் கை கூசி ஸ்டாப்பை 40க்குத் தள்ளுவீர்கள். மார்க்கெட் அசையாத நாளில் இன்னும் மோசம், காசு வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதா என்று தோன்றி, எடுக்கவே கூடாததை எடுப்பீர்கள்.

சிகாகோவின் பிரபல டிரேடர் ரிச்சர்ட் டென்னிஸ் இன்ட்ராடே செய்பவர் இல்லை, விலை போகும் திசையை, டிரெண்டைப் பிடிப்பவர். டிரேடிங்கைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கூட்டாளி வில்லியம் எக்கார்ட்டோடு வாதம் வந்து, 1983ல் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்து, இரண்டே வாரம் பயிற்சி கொடுத்தார். 'ஆமைகள்' என்று பெயர் பெற்ற அந்த மாணவர்களில் பலர் நன்றாகச் சம்பாதித்தார்கள். டென்னிஸ் நடத்திய பொது நிதிகளோ ஏறக்குறைய பாதிப் பணத்தை இழந்து 1988ல் மூடப்பட்டன. அத்தனை சுத்தமாக விதி எழுதிக்கொடுத்தவரையே அந்தப் பாடம் காப்பாற்றவில்லை.

எஃப் அண்ட் ஓவில், அதாவது ஃப்யூச்சர், ஆப்ஷன் வணிகத்தில், மூன்று வருடத்தில் தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டம் என்று 2024ல் சந்தையைக் கண்காணிக்கும் செபி சொன்னது. நஷ்டமில்லாமல் ஓடியதே பெரிய விஷயம், ஐந்நூறு ரூபாய்க்காக அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தவிர, காசு வாங்கி லைவ் கால், அதாவது இப்போது வாங்கு, விற்று விடு என்ற யோசனை, கொடுக்க செபியில் பதிவு வேண்டும், உங்களிடம் இருக்காது என்று நினைக்கிறேன். வகுப்பு மட்டும் எடுப்பவர்களும் கடைசி மூன்று மாத விலையைக் காட்டிப் பேசக்கூடாது என்று 2025 ஜனவரியில் சுற்றறிக்கை வந்தது. பாடம் என்ற பெயரில் டிப்ஸ் விற்பவர்களுக்காகப் போட்டதுதான், ஆனால் உங்களுக்கும் நல்லது, ஏனென்றால் பழைய டிரேடில் மானப் பிரச்சினை இல்லை.

குழுவை மூடி, இந்த மாதப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். புரோக்கர் அனுப்பிய போன வருட டிரேடு ரசீதுகளை, கான்ட்ராக்ட் நோட்டுகளை எடுத்து, ஸ்டாப்பைத் தள்ளிய நாட்களிலிருந்து அடுத்த வகுப்பைத் தொடங்குங்கள்.