நன்றாகப் பறந்த நான்கு இன்ஜின் குட்டி ஜெட்டைத் தென்னாப்பிரிக்க விமான நிறுவனமான ஏர்லிங்க் ஏன் ஓரங்கட்டியது?

நீங்கள் கேட்பது ஆவ்ரோ ஆர்ஜே85 பற்றி. வயது மட்டும் காரணமில்லை. இரண்டு இன்ஜினுடன் அதைவிடப் பெரிய எம்பிரேயர் 190 கிடைக்கும்போது, நான்கு இன்ஜினுக்கு எரிபொருள், பராமரிப்புச் செலவை யார் தருவது? 2001 வாக்கில் அதன் தயாரிப்பே முடிந்துவிட்டது. அப்புறம் உதிரிபாகத்துக்குப் பிரித்துப்போட்ட விமானங்களைத்தான் தேட வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மாமா பழைய காரை ஓட்டிய கதைதான்!

குறுந்தூர விமானம் நாளுக்குப் பலமுறை ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் கேபினில் காற்றழுத்தம் ஏறி இறங்குவதால் உடற்கூட்டின் உலோகம் சோர்கிறது. அதனால் பறந்த மணிக்கணக்கோடு, எத்தனை முறை ஏறி இறங்கியது என்ற இந்தச் சுற்றுக்கணக்கும் முக்கியம். பெரிய பரிசோதனை நெருங்கும்போது, அந்தச் செலவு விமானத்தின் விலையையே தாண்டினால், நிறுத்திவிடுவார்கள்.

எல்லாம் காயலான் கடைக்குப் போவதில்லை. வட அமெரிக்காவில் சில ஆர்ஜே85கள் இன்று காட்டுத்தீ அணைக்கின்றன.