மணலில் தடுமாறும் ஜிஎஸ்: ஆப்பிரிக்கா ட்வினுக்கு மாறலாமா?

உங்கள் பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் பைக், லடாக்கின் ஹுண்டர் மணலில் திணறியதற்காக மட்டும் ஹோண்டாவின் ஆப்பிரிக்கா ட்வின் பைக்குக்கு மாற வேண்டாம். ஓட்டத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை என்கிறீர்கள், அங்கே ஜிஎஸ்ஸில் உள்ள, சங்கிலிக்குப் பதில் தண்டால் பின்சக்கரத்தைச் சுழற்றும், சங்கிலிப் பராமரிப்பே இல்லாத ஷாஃப்ட் டிரைவ் பெரிய நிம்மதி.

முன்சக்கரம் மணலை உழுதுகொண்டு பக்கவாட்டில் இழுப்பதற்கு 19 அங்குல விட்டமும் ஒரு காரணம்தான். ஆனால் நெடுஞ்சாலைக்கான காற்றழுத்தத்தைக் குறைக்காமல் மணலில் இறங்கியதையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

அடுத்த முறை இரு டயர்களிலும் 22 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்து, எழுந்து நின்று, பார்வையைத் தொலைவில் வைத்து, த்ராட்டிலை விடாமல் ஓட்டிப் பாருங்கள். தார்ச்சாலை ஏறுமுன் மீண்டும் காற்றடிக்கத் தவறாதீர்கள்.

அதன் பிறகும் மாறுவதென்றால் கவனம்: 2024 முதல் ஆப்பிரிக்கா ட்வினின் அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் வகைக்கும் முன்சக்கரம் 19 அங்குலமே, 21 அங்குலம் சாதாரண வகையில்தான் உள்ளது.