‘நார்மல்’ என்ற ரிப்போர்ட்டை இப்போதைக்கு நம்பாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 6 வயது, எடை 20 கிலோ. பிறந்தபோது குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்த்து ஜி6பிடி என்ற நொதி குறைபாடு என்றார்கள். இந்தக் குறை இருந்தால் மலேரியா அண்டாது என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்தோம். இப்போது விவாக்ஸ் மலேரியா வந்துவிட்டது. காய்ச்சல் விட்டதும் ஜி6பிடியை மறுபடி பார்த்தால் நார்மல் என்று வருகிறது. பிரைமாகுயின் 14 நாள் கொடுக்கலாமா? ரத்தம் எடுக்க வந்தவர் ஜீன் டெஸ்ட் எடுத்தால்தான் உறுதியாகத் தெரியும் என்கிறார். (வாசகி, வட சென்னை)

பதில்: 14 நாள் தினசரி மாத்திரையைத் தொடங்காதீர்கள். பிறந்தபோது வந்த முடிவுதான் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் இந்த நொதி இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அப்போதே குறைவு என்றால் அது குறைவுதான்.

பிறகு ஏன் நார்மல்? ஜி6பிடி சிவப்பணுவுக்குக் கவசம் மாதிரி. பிரைமாகுயின் போன்ற சில மருந்துகளும் கிருமிகளும் உண்டாக்கும் சேதத்திலிருந்து அணுவைக் காப்பாற்றுகிறது. அணுவுக்கு வயதாக ஆக இந்த நொதி தேய்ந்துகொண்டே போகும். மலேரியாவில் கிழட்டு அணுக்கள் முதலில் உடைந்துவிடுகின்றன. எலும்பு மஜ்ஜை அவசரமாகப் புது அணுக்களை அனுப்புகிறது. இளம் அணுக்களில் நொதி அதிகம். லேப் அளந்தது இந்த இளசுகளை. மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், உண்மை தெரியும். இடையில் ரத்தம் ஏற்றியிருந்தால் அந்த நாளிலிருந்து மூன்று மாதம். காய்ச்சலோடு வருபவரின் ரிப்போர்ட்டில் இந்த எச்சரிக்கையை ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

மலேரியா அண்டாது என்பது பாதி உண்மை. குறையுள்ள அணுவுக்குள் ஒட்டுண்ணி புகுந்தால் அந்த அணு சீக்கிரமே நலிந்துபோகும். மண்ணீரல் அதை அப்புறப்படுத்திவிடும். அதனால்தான் மலேரியா தலைமுறை தலைமுறையாக வாட்டிய ஊர்களில் இந்த மரபு நிலைத்தது. உயிரை எடுக்கும் ஃபால்சிபாரம் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு, அவ்வளவுதான். கொசுவலையைக் கழற்றிவிடாதீர்கள்.

பிரைமாகுயினை அறவே விட்டுவிடவும் முடியாது. மூன்று நாள் குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும். ஈரலில் பதுங்கிய விவாக்ஸை அது தொடாது. பிரைமாகுயின் கொடுக்காவிட்டால் அது சில வாரத்திலோ மாதத்திலோ திரும்ப எழும். குறைபாடு உள்ளவர்களுக்கான முறை: கிலோவுக்கு 0.75 மி.கி., வாரம் ஒரு முறை, 8 வாரம், மருத்துவர் கண்காணிப்பில். உங்கள் மகனுக்கு ஒரு வேளைக்கு 15 மி.கி. இடையில் ஒரு வாரம் கிடைப்பதால், உடைந்தவற்றுக்கு ஈடாகப் புது அணுக்கள் வந்துவிடும்.

பெரியவர்களுக்கான தினசரி மாத்திரையும் இதே 15 மி.கி.தான். மருந்துக்கடையில் பழக்கதோஷத்தில் அட்டையின் மேல் ‘தினம் 1’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நாளைக்கு ஒன்றாக விழுங்கினால் பிள்ளைக்கு ஆபத்து. கடைக்காரர் எழுதியதை அடித்துவிட்டு ‘ஞாயிறு மட்டும்’ என்று நீங்களே எழுதுங்கள். வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது கொடுங்கள். முதல் டோஸுக்கு முன்பும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும் ஹீமோகுளோபின் பாருங்கள். காலைச் சிறுநீரை வெள்ளை டம்ளரில் பிடித்துப் பாருங்கள். பால் விடாத டீ நிறமோ கோலா நிறமோ வந்தால், கண் மஞ்சளித்தால், பிள்ளை மூச்சு வாங்கினால் மருந்தை நிறுத்திவிட்டு, ரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

ஜீன் டெஸ்ட் வேண்டாம். ஒடிசா வகை, கேரளா-கல்யாண் வகை, மத்தியதரைக்கடல் வகை என்று ஏதோ ஒரு பெயர் கிடைக்கும். அதனால் உங்கள் மகனின் மாத்திரை அளவு மாறப்போவதில்லை. நொதியின் அளவுதான் கணக்கு. கமிஷனுக்காகச் சில ஆயிரங்களைக் கறப்பவர்களிடம் மாட்டாதீர்கள்.

வாட்ஸப்பில் சுற்றும் ‘தவிர்க்க வேண்டிய உணவு’ பட்டியலைப் பார்த்து அவரைக்காயை நிறுத்தியிருந்தால் திரும்பச் சமையுங்கள். விலக்க வேண்டியது வடநாட்டில் பாக்லா என்று விற்கும் ஃபாவா பீன்ஸ். நம் அவரை வேறு செடி. எவரோ மொழிபெயர்த்ததில் வந்த வினை. உண்மையில் அஞ்ச வேண்டியவை பீரோவில் போடும் பாச்சை உருண்டையும், டாப்சோன் (தொழுநோய்க்குக் கொடுப்பது), நைட்ரோஃபுரான்டாயின் (சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுப்பது) போன்ற மருந்துகளும். கைக்குழந்தைக்கு மருதாணியும் கூடாது. பாராசிட்டமால் வழக்கமான அளவில் கொடுக்கலாம்.

வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் கவனியுங்கள். மகனுக்கு இந்த மரபணு உங்களிடமிருந்துதான் வந்திருக்கிறது. மகளுக்கும் போயிருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. பெண்களிடம் குறையுள்ள அணுவும் நல்ல அணுவும் கலந்து ஓடும். ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் சொல்லும் பரிசோதனை, நொதி 30 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பிடிக்கும். 50 சதவீதம் உள்ள பெண்ணுக்கும் நார்மல் என்றே வரும். அந்தத் தைரியத்தில் 14 நாள் பிரைமாகுயின் கொடுத்தால் பாதி அணுக்கள் உடையலாம். உங்களுக்கோ மகளுக்கோ விவாக்ஸ் வந்தால் அளவு சொல்லும் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். 30க்கும் 70க்கும் இடையில் இருந்தால், மாத்திரை எழுதும் மருத்துவரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். இப்போதே எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. உடம்பு நன்றாக இருக்கும்போது வரும் எண்ணைத்தான் நம்ப முடியும்.

பிறந்தபோது கொடுத்த துண்டுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். தடுப்பூசி அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ‘ஜி6பிடி குறைபாடு’ என்று எழுதி மருத்துவரிடம் கையெழுத்து வாங்குங்கள். 6 வருடமாக யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.