நெல்லைச் சீமையில் நிலமும் கலையும் கட்டடமும் கலந்த ஒரு தீசிஸை எப்படித் தொடங்குவது?

கேள்வி இதுதான்: "பி.ஆர்க். இறுதியாண்டு படிக்கிறேன். நிலவமைப்பு, கலை, கட்டடம் மூன்றும் ஒன்றோடொன்று கலந்த தீசிஸ் (இறுதியாண்டு வடிவமைப்புத் திட்டம்) ஒன்றைத் திருநெல்வேலிப் பக்கத்தில் செய்ய விரும்புகிறேன். எதை முன்மாதிரியாகக் கொள்ளலாம், எங்கிருந்து தொடங்கலாம்?"

பாளையங்கோட்டையில் கட்டடக் கலைஞராகத் தொழில் செய்கிறேன்; அவ்வப்போது கல்லூரிகளில், மாணவர் திட்டங்களை மதிப்பிடும் குழுவான ஜூரியில் வெளித்தேர்வராக அமர்வதும் உண்டு. அங்கே பார்த்த வரையில், இவ்வகைத் திட்டங்களில் பெரும்பாலானவை கட்டடத்தை முதலில் முடித்துவிட்டு, மிச்சமுள்ள இடத்தில் புல்தரையும் தாமரைக்குளமும் வரைந்து, கடைசி வாரத்தில் ஒரு சுவரோவியத்தையும் வாசலில் ஒரு சிற்பத்தையும் சேர்ப்பவையாகவே இருக்கின்றன. கூடவே ஒரு திறந்தவெளி அரங்கமும் தவறாமல் இருக்கும். சித்திரை வெயிலில் அதில் யார் உட்காருவார்கள் என்று கேட்டால் பதில் வராது. மூன்றில் ஒன்றை அழித்துப் பார்த்த பின்பும் மற்ற இரண்டும் குலையாமல் நிற்குமானால், அவை கலக்கவே இல்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். உங்கள் வரைபடத்தை நீங்களே சோதித்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

முன்மாதிரிக்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. குறுக்குத்துறை முருகன் கோயிலை ஒரு முறை மாணவரின் கண்ணோடு போய்ப் பாருங்கள். தாமிரபரணிக்குள் பாறைமேல் நிற்கும் அந்தக் கோயில், வெள்ளம் வரும் என்பதை அறிந்தே கட்டப்பட்டது. நீர் வந்து மோதும் பக்கம் படகின் முனைபோலக் கூர்மையாக அமைந்திருப்பதால் வெள்ளம் இரண்டாகப் பிரிந்து செல்கிறது. ஆறு பெருகும்போது உற்சவர் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளுகிறார். வெள்ளம் வடிந்த பிறகு மணலையும் சகதியையும் அள்ளிக் கழுவிவிட்டுப் பூசையைத் தொடங்குகிறார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய 2023 டிசம்பர் பெருவெள்ளத்திலும் அது மூழ்கி எழுந்தது. சுவரின் வடிவம், பாறையின் இருப்பு, உற்சவரின் புறப்பாடு ஆகிய மூன்றும் ஆற்றின் ஒரே குணத்துக்கான மறுமொழிகள். பாறையை நீக்கினால் கோயில் இல்லை. வெள்ளத்தை நீக்கினால் அந்தச் சுவரின் வடிவத்துக்கு அர்த்தமே இல்லை.

இன்னொரு பாடம் பழைய திருநெல்வேலிச் சீமைக்கு உட்பட்ட கழுகுமலையில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணியான வெட்டுவான் கோயிலில், மலைச்சரிவைச் சுற்றிலும் அகழ்ந்து, நடுவே நின்ற பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். பணி பாதியில் நின்றுபோனதால் வேலை நடந்த வரிசையை இன்றும் கண்ணால் பார்க்கலாம்: சிகரமும், மேல்தளத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி முதலான சிற்பங்களும் முழுமையாக இருக்க, கீழ்ப்பகுதி கரடுமுரடாகவே நிற்கிறது. அங்கே சிற்பத்தையும் கட்டடத்தையும் மலையையும் பிரித்துச் சொல்லவே முடியாது. எல்லாம் ஒரே கல். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தின் இசைத்தூண்களும் இந்த வகையைச் சேர்ந்தவைதாம். ஒரே கல்லில் வெட்டிய சிறு தூண்கள் தட்டினால் ஒலிக்கின்றன, அந்தக் கல்லே கூரையையும் தாங்குகிறது.

நம் காலத்தில் இப்படிச் செய்ய முடியுமா என்று சிலர் கேட்பதுண்டு. ஜப்பானில் தெஷிமா தீவிலுள்ள கலைக்கூடம் 2010இல் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த ரியூயே நிஷிசாவா, முதலில் மண்ணை மேடாகக் குவித்து, அதன்மேல் கான்கிரீட் ஊற்றி, இறுகிய பிறகு உள்ளே இருந்த மண்ணை அகழ்ந்து எடுக்கச் செய்தார். தூண் ஒன்றுகூட இல்லாத, ஏறத்தாழ 40க்கு 60 மீட்டர் அளவுள்ள அந்த மெல்லிய ஓட்டின் மேல் இரண்டு பெரிய திறப்புகள் இருக்கின்றன. அவற்றின் வழியே மழையும் காற்றும் உள்ளே வரும். கலைஞர் ரெய் நைட்டோவின் படைப்பு, தரையிலிருந்து துளித்துளியாகக் கசிந்து உருண்டு ஓடும் நீர்தான். தனியாக மாட்டிவைத்த படம் எதுவும் இல்லை. வெளியே கைவிடப்பட்டுக் கிடந்த படிக்கட்டு வயல்களையும் திட்டத்தோடு சேர்த்து மீட்டெடுத்தார்கள். கழுகுமலையில் கல்லை வெட்டி வெளியேற்றினார்கள், தெஷிமாவில் மண்ணை. இரண்டிலும் நிலமே அச்சாக இருந்திருக்கிறது.

மாணவர் திட்டம் என்றே பார்த்தால், வாஷிங்டனிலுள்ள வியட்நாம் போர் நினைவகத்தை யாரும் தாண்டிப் போக முடியாது. 1981இல் யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்துக்கொண்டிருந்த 21 வயது மாயா லின், போட்டிக்கு வந்த 1,421 வடிவங்களுக்கு நடுவே தேர்வானார். அவர் நிலத்தைச் சரிவாக வெட்டித் திறந்து, வெட்டிய முகத்தில் கருங்கல் பதித்து, இறந்தவர்களின் பெயர்களை அதில் பொறித்தார், அவ்வளவுதான். சுவரின் ஒரு கை லிங்கன் நினைவகத்தையும் மறு கை வாஷிங்டன் நினைவுத்தூணையும் நோக்கி நீள்கிறது. அந்தக் கருங்கல் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து போனது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. அந்த நினைவகத்தை இங்கே சொல்வதற்குக் காரணம், அதில் எவ்வளவு குறைவாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான். இறுதியாண்டுத் திட்டம் என்றாலே ஆயிரக்கணக்கான சதுர மீட்டர் கட்டியாக வேண்டும் என்ற எண்ணம் மாணவர்களிடமும், அவர்களைவிட அதிகமாக வழிகாட்டிகளிடமும் இருக்கிறது. பரப்பளவு கேட்கும் விதிமுறை உங்கள் கல்லூரியில் இருந்தால் அதற்குத் தேவையானதைக் காட்டுங்கள், ஆனால் உழைப்பை அங்கே செலவழிக்காதீர்கள்.

இனி எங்கிருந்து தொடங்குவது என்பது. தளவரைபடத்துக்கு முன்னால் வெட்டுத்தோற்றத்தை, அதாவது நிலத்தை நெடுக்காக வெட்டினால் பக்கவாட்டில் தெரியும் உயரங்களின் படத்தை, வரையுங்கள். நெல்லைச் சீமையில் நிலம் என்பது பெரும்பாலும் நீர்மட்டத்தின் கதை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஏழு ஆங்கிலேயர் காலத்துக்கு முற்பட்டவை. ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அவற்றில் மருதூர் அணை நேர்கோடாக இல்லாமல் குதிரை லாடம்போல் வளைந்து கிடக்கும். அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால்வாய், பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய் என்று பிரிந்து, குளம் குளமாக நிரப்பிக்கொண்டே போகிறது தண்ணீர். கார் சாகுபடிக்கு ஒரு மட்டம், அடுத்த நெல் பருவமான பிசானத்துக்கு ஒரு மட்டம், வடகிழக்குப் பருவமழையில் குளம் நிரம்பி மறுகால் பாயும்போது இன்னொரு மட்டம், கால்வாய் அடைபட்ட கோடையில் வெறும் மண். இந்த நான்கையும் ஒரே வெட்டுத்தோற்றத்தில் கோடுகளாகப் போட்டுவிட்டு, மனிதர் எங்கே நடப்பார், எங்கே உட்காருவார் என்று யோசித்தாலே கட்டடத்தின் பாதி உயரங்கள் தாமாக முடிவாகிவிடும். அருகிலுள்ள ஊர்க்குளத்தின் மடையையும் (நீரைத் திறந்துவிடும் மதகு) கலிங்கையும் (மிகுநீர் வழியும் இடம்) நாடாவைப் பிடித்து அளந்து வரைந்துகொள்ளுங்கள். சில பழைய மடைத்தூண்களில் கல்வெட்டும் புடைப்புருவங்களும் உண்டு. நீரைத் திறந்துவிடும் கருவியிலேயே எழுத்தும் சிற்பமும் இருக்கின்றன என்பதைவிட உங்கள் தலைப்புக்கு நேரான சான்று எது?

காற்றையும் மறக்க வேண்டாம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் மேல்காற்றின் வேகத்தை அறியாதவர்கள், மேற்குப் பக்கம் பெரிய திறப்பு வைத்து அழகான மெல்லிய கூரையையும் போட்டுவிடுவார்கள். மண் விஷயத்தில், ஆற்றோர வண்டலும் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலும் திசையன்விளைப் பக்கத்துத் தேரிச் செம்மணலும் மூன்று வேறு உலகங்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். கரிசல் மழையில் பொதுமி வெயிலில் வெடிப்பது, தேரி மணல் காற்றில் நகர்வது. ஒன்றுக்கு வரைந்த அடித்தளம் இன்னொன்றுக்கு ஆகாது.

கலைப் பகுதிதான் பலரும் தடுமாறும் இடம். கலை என்றதும் தனக்குப் பிடித்த ஒரு வடிவத்தைக் கொண்டுவந்து நட்டுவைப்பதைவிட, அந்த இடத்தில் ஏற்கெனவே நடக்கும் கைவேலை எதுவென்று பாருங்கள். பத்தமடைக்கு அருகே ஒரு கால்வாய்க்கரையைத் தளமாகக் கொண்டு ஒரு மாணவி செய்த திட்டத்தை ஜூரியில் பார்த்தேன். இதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை. பாய் நெய்வதற்குக் கோரையை அறுத்து, காயவைத்து, கீறி, ஓடுகிற தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி உலர்த்தி, சாயமேற்றி, பருத்தி நூலைப் பாவாகவும் கோரையை ஊடாகவும் வைத்து நெய்கிறார்கள். அவர் கால்வாய்க்குள் இறங்கும் படித்துறையையே கோரை ஊறவைக்கும் தொட்டியாக விரித்திருந்தார். அதற்கு மேலே, லேசான சரிவுள்ள கல்தளம் சாயக் கோரையை உலர்த்தும் களம்; சிவப்பும் பச்சையும் கருப்பும் அன்றன்றைய வேலைக்கேற்ப இடம் மாறிக்கொண்டே இருக்கும். அந்தத் தளத்தின் ஓவியம் அதுதான், தனியாக அவர் எதையும் வரையவில்லை. நெசவுக்கூடம் இன்னும் ஒரு படி மேலே, தாழ்ந்த கூரையோடு, தரையில் உட்கார்ந்து நெய்பவரின் கண்மட்டத்துக்கு வெளிச்சம் வரும்படி அமைந்திருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது, கால்வாய் அடைபடும் மாதங்களில் மட்டும் தெரியும்படி தொட்டியின் அடித்தளக் கல்லில் அவர் பொறித்திருந்த கோடுகள். பாயின் கரை வடிவத்தையே அந்தக் கோடுகள் திருப்பிச் சொன்னாலும், வண்டல் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை அளந்து பார்க்கவும் உதவும்படி ஆழத்தை வகுத்திருந்தார். வண்டலை யார் அள்ளுவது என்று உடன் அமர்ந்திருந்த ஒருவர் கேட்டபோது, வெட்டுத்தோற்றத்தில் தொட்டிக்கு முன்னால் இருந்த சிறு பள்ளத்தைக் காட்டி, வருடத்துக்கு ஒரு முறை கால்வாய் மராமத்தோடு சேர்த்து அதை மட்டும் அள்ளினால் போதும் என்றார். குறை இல்லாமல் இல்லை. களத்துக்கு மேல்காற்றிலிருந்து மறைப்பே இல்லை, உலரப்போட்ட கோரை ஆடி மாதத்தில் அடுத்த ஊரில்தான் கிடைக்கும். மேற்கே ஒரு வரிசை மருத மரங்களை நட்டிருந்தால் நிலவமைப்பும் தன் பங்கைச் செய்திருக்கும்.

காருகுறிச்சி மண்பாண்டத்தையும் அம்பாசமுத்திரம் மரச்சொப்பையும் இதே கேள்வியோடு அணுகலாம்: அந்தத் தொழிலின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்த உயரம், எந்த நிழல், எவ்வளவு நீர் வேண்டும்? "கைவினைக் கிராமம்" என்று பெயரிட்டு விற்பனைக் கடைகளை வட்டமாக அடுக்குவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அதை ஜூரியில் இருப்பவர்கள் அளவுக்கு மீறிப் பார்த்துவிட்டோம்.

தொல்லியல் மேல் ஆசை உள்ளவர்கள் ஆதிச்சநல்லூருக்குப் போவார்கள். 1876இல் ஜாகோரும், அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்த அந்தப் பரம்பில் (மேட்டுநிலத்தில்), இறந்தவர்களைப் புதைத்த தாழிகளைக் குழியிலேயே விட்டுக் கண்ணாடித் தளத்தின் வழியே பார்க்கும்படி 2023இல் ஒரு களக் காட்சியகம் திறக்கப்பட்டது. தோண்டிய குழியே காட்சிக்கூடம் என்ற எண்ணம் நல்ல தொடக்கம். அதற்கு மேல் கூரை எப்படி இருக்க வேண்டும், தாழி புதைந்த மேட்டில் பாரத்தை எங்கே இறக்குவது என்பவை இன்னும் நன்றாக யோசிக்கத்தக்கவை. ஒரு தீசிஸுக்கு அந்த இரண்டு கேள்விகளே போதும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. குளத்துக்குள்ளும் கால்வாய்க்குள்ளும் தாராளமாகக் கட்டடம் வரைவது மாணவர்களின் வழக்கம். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. கடற்கரை என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள். மலையடிவாரம் என்றால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லை. கூந்தன்குளம் என்றால் பறவைகள் சரணாலயம். வருவாய்த்துறையின் புல எண் வரைபடத்தை வாங்கி, பட்டா நிலம் எது, புறம்போக்கு எது என்று குறித்த பிறகே தளத்தை முடிவு செய்யுங்கள். புறம்போக்கில் படித்துறை, நடைபாதை, கழற்றி எடுக்கக்கூடிய பந்தல் இவற்றோடு நிறுத்திக்கொண்டு, நிலையான கட்டடத்தைப் பட்டா நிலத்தில் வைத்தால், அந்தக் கட்டுப்பாடே பல சமயம் நல்ல வடிவத்தைத் தந்துவிடும்.

முதல் ரிவ்யூவுக்குக் கட்டடமே இல்லாத நில மாடலைக் கொண்டுபோங்கள். சமவுயரக் கோடுகளை அட்டையில் அடுக்கி, நான்கு நீர்மட்டங்களையும் நான்கு தனித்தனி ஒளிபுகும் தாள்களாக வெட்டி, ஒவ்வொன்றாக மேலே வைத்துக் காட்டுங்கள். வழிகாட்டி கட்டடம் எங்கே என்று கேட்டால், எந்தத் தாளை வைத்தாலும் நனையாத இடத்தையும், எல்லாத் தாளிலும் நனையும் இடத்தையும் தொட்டுக் காட்டி, அடுத்த ரிவ்யூ வரை அவகாசம் கேளுங்கள். தளம் முடிவானதும் ஊர்ப்பெயரையும் வெட்டுத்தோற்றத்தையும் கருத்துப் பகுதியில் இட்டால் பார்த்துச் சொல்கிறேன்.