கிளாரினெட்டின் எடையும் கட்டைவிரல் வலியும்

கேள்வி: எனக்கு வயது 46. நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். தேவாலய இசைக்குழுவில் பல ஆண்டுகளாகக் கிளாரினெட் வாசிக்கிறேன். கிறிஸ்துமஸ் ஆராதனைக்காகப் பயிற்சி நேரத்தைக் கூட்டியதிலிருந்து வலது கட்டைவிரலின் அடிப்பகுதி கடுமையாக வலிக்கிறது. இப்போது பாட்டில் மூடியைத் திருகுவதுகூடச் சிரமமாக இருக்கிறது. குழுவில் மூத்தவர்கள் ‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்கிறார்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாசிக்கலாமா, அல்லது வாசிப்பதையே விட்டுவிட வேண்டுமா? – ஒரு வாசகி

பதில்: சகோதரிக்கு, மாத்திரை போட்டுக்கொண்டு வாசிக்க வேண்டாம், அது வலியை மறைக்குமே தவிர, வலிக்குக் காரணமான சுமையைக் குறைக்காது. வாசிப்பதை அடியோடு விட வேண்டிய நிலையும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. பழகினால் சரியாகும் என்பது விரல் அசதிக்குப் பொருந்தும். வாசித்து முடித்த பிறகும் நீடித்து, அன்றாட வேலைகளைத் தடுக்கும் வலிக்குப் பொருந்தாது.

கிளாரினெட் ஏறத்தாழ 800 கிராம் எடையுள்ள வாத்தியம். எட்டு விரல்கள் துளைகளிலும் சாவிகளிலும் இயங்க, இடது கட்டைவிரல் பின்புறத் துளையை மூடித் திறக்கும் வேலையில் இருப்பதால், எடையின் பெரும்பகுதி பின்னால் பொருத்தப்பட்டுள்ள சிறிய உலோகத் தாங்கியின் வழியாக வலது கட்டைவிரலில்தான் இறங்குகிறது. விரல் நுனியில் ஏறும் விசை அதன் அடிமூட்டில் பல மடங்காகப் பெருகும் என்பதால், நுனியில் சிறிதாகத் தோன்றும் சுமை அடியில் சிறிதாக இருப்பதில்லை.

உங்களுக்கு இரண்டு சாத்தியங்கள் முதன்மையாகத் தெரிகின்றன. ஒன்று, கட்டைவிரலின் அடிமூட்டுத் தேய்மானம். நடுத்தர வயதைத் தாண்டிய பெண்களிடம் இது அதிகம், மூடி திருகும்போதும் சாவியால் பூட்டைத் திறக்கும்போதும் வலிப்பது இதன் இயல்பு. மற்றொன்று, மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கமுள்ள தசைநாண்களின் உறை தடித்துப்போவது. சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் டி கெர்வேன் 1895இல் விவரித்ததால் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்க்கும்போது மணிக்கட்டோரம் சுரீரென வலித்தால் இதைச் சந்தேகிக்கலாம். ஆனால் இரண்டும் சேர்ந்தும் வரக்கூடும் என்பதால், உறுதி செய்வதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

எதுவாக இருந்தாலும் முதல் வேலை எடையைக் கட்டைவிரலிலிருந்து இறக்குவதுதான். விரலுக்கு வலுவூட்டுவதாகச் சொல்லி ரப்பர் பந்தைப் பிசையும் பயிற்சியை இந்தக் கட்டத்தில் நான் பரிந்துரைக்க மாட்டேன். தாங்கியில் வளையம் இருந்தால் கழுத்துப் பட்டையை மாட்டிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வளையமுள்ள தாங்கியை வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் பொருத்திக்கொள்ளலாம். வாத்தியத்தைத் தேடித் தலை குனியாமல், நிமிர்ந்த நிலையில் மவுத்பீஸ் வாய்க்கு வரும்படி பட்டையின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். கழுத்து வலியும் இருந்தால் தோள்களில் மாட்டும் பட்டையே நல்லது. பட்டை மாட்டுவது தொடக்கநிலையாளரின் அடையாளம் என்று சிலர் கருதுவதைப் பொருட்படுத்தாதீர்கள். சாக்ஸபோன் வாசிப்பவரை யாரும் அப்படிக் கேலி செய்வதில்லை. வீட்டில் நாற்காலியில் அமர்ந்து பயிலும்போது வாத்தியத்தின் அடிவாயை முழங்காலில் ஊன்றியும் வாசிக்கலாம்.

அடுத்து, தாங்கி இருக்கும் இடத்தைப் பாருங்கள். பல வாத்தியங்களில் அது சற்றுக் கீழே பொருத்தப்பட்டிருப்பதால் கட்டைவிரல் இயல்புக்கு மீறிக் கீழ்நோக்கி விரிகிறது. வலது ஆள்காட்டி விரலுக்கு ஏறக்குறைய எதிரே வருமாறு அதை உயர்த்தினால் கை தளர்ந்து நிற்கும். தாங்கி விரல் நுனியில் படாமல், நகத்துக்கும் முதல் மூட்டுக்கும் இடைப்பட்ட பகுதியின் ஓரத்தில் படுவது நலம். அதற்கு ரப்பர் உறை மாட்டினால் அழுத்தம் பரவும்.

பலரும் கவனிக்காத ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். சாவிகளின் அடியில் துளையை மூடும் மெத்தைகளான பேடுகளில் காற்றுக் கசிந்தால், கீழ் ஸ்வரங்கள் வராதபோது வாசிப்பவர் தம்மையறியாமல் விரல்களை அழுத்துவார். அந்த அழுத்தத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஈடுகொடுப்பது கட்டைவிரல்தான். மெல்லிய தாளைப் பேடுக்கு அடியில் வைத்துச் சாவியை மூடி இழுத்துப் பார்த்தால் கசியும் இடம் பிடிபடும். பேடுகளைச் சரிசெய்த பின், ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு, அது கெடாத அளவுக்கு விரல் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். எவ்வளவு குறைந்த அழுத்தம் போதும் என்பது உங்களுக்கே வியப்பளிக்கும்.

வலி தணியும்வரை பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, 15 அல்லது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை வாத்தியத்தைக் கீழே வையுங்கள். மறுநாள் காலையிலும் வலி இருந்தால் முந்தைய நாள் அளவு மிஞ்சிவிட்டது என்று கொள்ளலாம். பாடல்களை மனப்பாடம் செய்வதையும் தாளக்கட்டைச் சரிபார்ப்பதையும் வாத்தியம் இல்லாமலே செய்ய முடியும். கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டச்சு செய்வது, துணி பிழிவது, தேங்காய் துருவுவது ஆகியவையும் அதே மூட்டையே வருத்துவதால், சில வாரங்களுக்கு இவற்றை வீட்டிலுள்ள பிறரிடம் ஒப்படைக்க வேண்டும். எண்ணெய் தடவி அழுத்தி உருவுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டு, மூன்று வாரங்களில் குறையாவிட்டாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, மூட்டு வீங்கினாலோ, கட்டைவிரல் மடங்கிச் சிக்கிக்கொண்டாலோ, தாமதிக்காமல் எலும்பு மூட்டு மருத்துவரையோ கை அறுவை நிபுணரையோ பாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். செல்லும்போது கிளாரினெட்டையும் எடுத்துச் சென்று, அவர் முன்னால் ஒரு நிமிடமாவது பிடித்துக்காட்டுங்கள். எக்ஸ்ரே படம் சொல்லாத பலவற்றை நீங்கள் அதைப் பிடிக்கும் விதம் அவருக்குச் சொல்லிவிடும்.