பாதி வசனத்தோடு புத்தகத்தை மூடாதீர்கள்: ரீச்சரிடம் கேட்டவை

மட்டக்களப்பில் முப்பது வருடம் கிறிஸ்தவ சமயம் படிப்பித்தவள் நான். பிறந்தது மெதடிஸ்த வீடு, கலியாணம் முடித்தது கத்தோலிக்க வீடு, அதனால் இரண்டு பக்கத்திலும் ஏச்சு வாங்கியிருக்கிறேன். சபையில், வீட்டில், வேலையில் பெண்களுக்கு வரும் சிக்கல்களைக் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். வந்தவற்றில் சில.

கல்முனையிலிருந்து: ரீச்சர், அவர் குடித்துவிட்டு அடிக்கிறார். போதகரிடம் சொன்னால் கீழ்ப்படிந்து ஜெபியுங்கள், விவாகரத்தைத் தேவன் வெறுக்கிறார் என்று வேதத்தில் மல்கியாவைக் காட்டுகிறார்.

மகள், இன்றிரவு நீங்களும் பிள்ளைகளும் பயமில்லாமல் படுக்க இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வசனம் அப்புறம்.

ஒருமுறை ஜெபக்கூட்டத்தில் சித்திரை வெயிலுக்குள் நீளக் கைச் சட்டையோடு ஒரு பிள்ளை இருந்தாள். தேத்தண்ணீர் கோப்பையை நீட்டும்போது சட்டைக் கை மேலே ஏறியது, மணிக்கட்டுக்கு மேல் நாலு விரலும் நீலமாகப் பதிந்திருந்தன. எல்லோரும் கண்டோம், ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மல்கியா 2:16 தள்ளிவிடுதலை வெறுக்கிறேன் என்பதோடு நிற்பதில்லை, அதே வசனத்திலேயே கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனையும் கண்டிக்கிறது. அது பேசுவதும் இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்த ஆண்களிடம். அடிபட்டவளை வாய்மூட வைக்க அதை எடுப்பது தலைகீழ் வேலை. எபேசியர் 5இலும் அப்படித்தான். மனைவிகளே என்று தொடங்கும் 22ஐ எல்லோருக்கும் பாடம், அதற்கு முந்திய வசனம் "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்பது மட்டும் மறந்துபோகும். மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் 22இல் கீழ்ப்படி என்ற வினையே கிடையாது, 21இலிருந்துதான் அது கடன் வாங்குகிறது. நீங்கள் கத்தோலிக்கராக இருந்தால் இன்னும் நேராகச் சொல்வேன்: உடலுக்கோ மனதுக்கோ பெரிய ஆபத்து விளைவிக்கும் துணையை விட்டுப் பிரிந்திருக்கத் திருச்சபைச் சட்டம் 1153 இடம் கொடுக்கிறது.

நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், உங்களுக்காகப் பொலிஸும் கேட்கலாம். கட்டளை கூடியது 12 மாதம் நிற்கும், அவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் நீதவான் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் சீதனமாக வீடு பெண்ணுக்குத்தானே வருகிறது, உங்களுடையதும் அப்படியென்றால் வெளியேற வேண்டியது யார் என்று யோசியுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, இலக்கத்தை அழுத்திவிட்டும் ஜெபிக்கலாம்.

வாழைச்சேனையிலிருந்து: அன்ரி, மாதவிடாய் நாளில் நற்கருணை வாங்கலாமா? அம்மம்மா தீட்டு என்கிறா.

வாங்கலாம். பன்னிரண்டு வருடம் உதிரப்போக்கால் கஷ்டப்பட்டவள் கூட்டத்துக்குள் வந்து இயேசுவின் உடையைத் தொட்டாள், அவர் விலகவில்லை, "மகளே" என்று கூப்பிட்டார். மாற்கு 5ஐ அம்மம்மாவோடு சேர்ந்திருந்து வாசியுங்கள், சண்டை பிடிக்காமல்.

தம்பிலுவிலிலிருந்து ஒரு தம்பி: மனைவிக்கு என்னை விடச் சம்பளம் கூட. குடும்பத்துக்குத் தலை புருஷன் என்று வேதம் சொல்கிறதே, எப்படிச் சமாளிப்பது?

தம்பி, லூக்கா 8இல் ஏரோதின் காரியக்காரன் கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள் இன்னும் பல பெண்கள் தங்கள் சொந்த ஆஸ்தியிலிருந்து இயேசுவுக்கும் சீஷருக்கும் செலவு செய்தார்கள். அவருக்கு வராத குறை உமக்கு எங்கிருந்து வந்தது? வேலையால் வந்து அவவே சமைக்கிறாவா என்பதை நீர் எழுதவில்லை, அதைப் பார்த்துக்கொள்ளும்.

புளியந்தீவிலிருந்து: பெண்கள் பிரசங்கம் செய்யலாமா, ரீச்சர்?

சபையைப் பொறுத்தது. மெதடிஸ்த சபையில் பெண் போதகர்கள் இருக்கிறார்கள். கத்தோலிக்கத்தில் குருத்துவம் ஆண்களுக்கு மட்டும், 1994இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜோன் போல்) அதை உறுதியாகச் சொன்னார். ஆனால் வாசகர், பீடத்துணையாளர் பணிகளை 2021 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் பெண்களுக்கும் முறைப்படி திறந்தார். பெண் உபதேசிக்கக் கூடாது என்று 1 தீமோத்தேயு 2:12ஐ நீட்டுகிறவர்களிடம் ரோமர் 16:1இல் சபையின் ஊழியக்காரியாக வரும் பெபேயாள் யார் என்று கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் அமைதி கிடைக்கும்.

அக்கரைப்பற்றுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தாய்: மகளின் படத்தை யாரோ நிர்வாணமாக மாற்றி வைத்துக்கொண்டு காசு கேட்கிறான். ஏன் முகநூலில் படம் போட்டாய் என்று சபை மூப்பர் அவளைத்தான் ஏசுகிறார்.

காசு கொடுக்காதீர்கள், கொடுத்தால் திரும்பக் கேட்பான். அவன் அனுப்பியதை அழிக்காமல், இலக்கமும் நேரமும் தெரியத் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பொலிஸில் கணினிக் குற்றங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மூப்பருக்கு ஒரு கதை: கத்தோலிக்க வேதத்தில் தானியேல் 13, சூசன்னா. தங்கள் இச்சைக்கு இணங்காவிட்டால் அவதூறு பரப்புவோம் என்று அவளை மிரட்டியவர்கள் சனங்களின் மூப்பர்கள்தான். அவள் ஏன் தோட்டத்தில் குளித்தாள் என்று தானியேல் கேட்கவில்லை, அவர்களைத் தனித்தனியாக விசாரித்தான், பொய் அகப்பட்டது.

பிள்ளையை ஏச வேண்டாம், இரவில் தனியே படுக்க விடவும் வேண்டாம். பொலிஸுக்குத் தனியாகப் போகத் தயங்கினால் உள்பெட்டியில் எழுதுங்கள், சனிக்கிழமை காலை பஸ்ஸில் நான் வருகிறேன்.